ஜொஹான்னஸ் கெப்லர் (1571 - 1630): சந்திரனின் பாதையை விளங்கவைத்தவர்



பூரணை நாளில் வீட்டு முற்றத்தில் நின்று சந்திரனை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். எல்லாப் பூரணைச் சந்திரனும் ஒரே அளவானதா? சூரிய கிரகணம் சில வேளை பகலை இருளாக்குவதும், சில வேளை சூரியனை ஒரு வளையல்போல் விட்டுவைப்பதும் ஏன்? இவ்வினாக்களுக்குரிய விடை ஒரே ஓர் உண்மையில் அடங்கியுள்ளது. வானில் உள்ளவை வட்டத்தில் சுற்றுவதில்லை, நீள்வளையத்தில் சுற்றுகின்றன. இதனை உலகுக்குக் காட்டியவர் ஜொஹான்னஸ் கெப்லர் ஆவார்.

கெப்லரின் மூன்று விதிகளையும் மனனம் செய்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குள் செல்லும் மாணவர் பலர். அவ்விதிகளை எழுதியவர் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தார் என்பதை அறிந்தால், அவை மனதில் தாமாகவே பதியும். எனவே இப்பாடத்தை ஒரு கதையைப் போல முதலில் ஒருமுறை வாசியுங்கள். அதன்பின் குறிப்பெடுங்கள்.

1. பிறப்பும் இளமையும்

கெப்லர் 1571ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி, இன்றைய ஜேர்மனியின் தென்பகுதியில் உள்ள வைல் டெர் ஸ்டாட் என்னும் சிறிய நகரில் பிறந்தார். பாட்டனார் அந்நகரின் மேயராக இருந்தவர். ஆனால் கெப்லர் பிறந்தபோது குடும்பத்தின் செல்வநிலை சரிந்திருந்தது. தந்தை ஹைன்ரிச் கூலிக்குப் போர் செய்யும் படைவீரர். அடிக்கடி வீட்டைவிட்டுச் சென்றவர், கெப்லர் வாலிபராக இருந்தபோது ஒருநாள் போனவர் திரும்பவேயில்லை. தாயார் கத்தரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். மூலிகைகளைப் பற்றிய அறிவு உடையவர். இந்த மூலிகை அறிவு பின்னாளில் அவருக்கு எவ்வளவு துன்பத்தைக் கொண்டுவந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

குறைமாதக் குழந்தையாகப் பிறந்த கெப்லர் நோஞ்சானாகவே வளர்ந்தார். சிறுவயதில் அம்மை நோய் கண்டு பிழைத்தாலும் கண்பார்வை மங்கிவிட்டது. கைகளும் பாதிக்கப்பட்டன. வானியலாளர் ஒருவருக்கு இன்றியமையாதது கூரிய பார்வை அல்லவா? அது இல்லாத ஒருவரே வானத்தின் ஒழுங்கைக் கண்டறிந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இளமையில் கண்ட இரண்டு காட்சிகளை அவர் இறுதிவரை மறக்கவில்லை. ஒன்று, 1577இல் தோன்றிய பெரிய வால்வெள்ளி. தாயார் அவரை ஓர் உயரமான இடத்துக்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். மற்றையது, 1580இல் நிகழ்ந்த சந்திர கிரகணம். வீட்டுக்கு வெளியே அழைத்துக் காட்டப்பட்ட அந்தச் சந்திரன் சிவப்பாக இருந்தது அவரது மனதில் நின்றது. சந்திரன் ஏன் சிவந்தது என்பதற்குரிய விடையை இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் அவரே எழுதினார்.

2. கல்வி

ஏழைப் பிள்ளைகளில் திறமையானோருக்கு அக்காலத்தில் வூர்ட்டெம்பேர்க் அரசு புலமைப்பரிசில் வழங்கியது. அதன் உதவியால் 1589இல் கெப்லர் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மதகுருவாக வரவேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால் அங்கு கணிதமும் வானியலும் கற்பித்த மைக்கல் மெஸ்ட்லின் என்ற ஆசிரியர் அவரது பாதையை மாற்றினார். புவியே அண்டத்தின் மையம் என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. சூரியனே மையம் எனக் கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட கருத்தை மெஸ்ட்லின் தம் நல்ல மாணவர்களுக்கு விளக்கினார். கெப்லர் அதனை முழுமனதோடு ஏற்றார்.

1593இல், மாணவராக இருந்தபோதே கெப்லர் ஒரு புதுமையான வினாவை எழுப்பினார். சந்திரனில் நின்று பார்க்கும் ஒருவருக்கு வானம் எப்படித் தோன்றும் என்பதே அது. புவி நகர்வதை நாம் உணர்வதில்லை. அதுபோலவே சந்திரனில் இருப்பவரும் தமது நிலம் நகர்வதை உணரமாட்டார் என்று அவர் காட்ட முயன்றார். இந்தச் சிறிய கட்டுரை பின்னர் ஒரு நூலாக வளர்ந்தது.

3. ஆசிரியரும் கிரகணமும்

1594இல் இன்றைய ஒஸ்திரியாவில் உள்ள கிராஸ் நகரப் பாடசாலையில் கெப்லர் கணித ஆசிரியரானார். பஞ்சாங்கம் தயாரிப்பதும் அவரது கடமை. வயிற்றுப்பாட்டுக்காகச் சோதிடமும் கணித்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. 1596இல் அண்டத்தின் மர்மம் பற்றிய தமது முதல் நூலை வெளியிட்டார். கோள்களின் இடைத்தூரங்களை ஐந்து ஒழுங்கான திண்மங்களைக் கொண்டு விளக்கலாம் என்பது அந்நூலின் கருத்து. கருத்து பிழையானது, ஆயினும் அந்நூலே அவரை டென்மார்க் வானியலாளர் தைக்கோ பிராஹேக்கு அறிமுகம் செய்தது.

1600ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. கெப்லர் கிராஸ் நகரச் சந்தைச் சதுக்கத்தில் தாமே அமைத்த ஒரு கருவியை வைத்து, சிறு துளையினூடாக விழுந்த சூரிய விம்பத்தை அளந்தார். அப்போது ஒரு புதிர் எழுந்தது. இவ்வாறு அளக்கும்போது சந்திரனின் விட்டம் வழமையைவிடச் சிறியதாகத் தெரிந்தது. தைக்கோவும் இதைக் கண்டிருந்தார். கிரகண நாளில் சந்திரன் சுருங்குமா, என்ன?

சுருங்கவில்லை எனக் கெப்லர் விளக்கினார். துளைக்கும் ஓர் அகலம் உண்டு. சூரியனின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, திரையில் துளையின் வடிவத்தில் ஒரு சிறு பொட்டாக விழும். ஆகவே ஒளியுள்ள பகுதி ஓரங்களில் சற்று விரியும்; இருண்ட சந்திரப் பகுதி அதே அளவு குறுகும். பிழை வானத்தில் இல்லை, அளக்கும் முறையில் இருந்தது. இதனை 1604இல் வெளியான ஒளியியல் நூலில் எழுதினார். பொருள்களின் விம்பம் கண்ணின் விழித்திரையில் தலைகீழாக விழுகின்றது என்ற விளக்கமும், கிரகணச் சந்திரன் சிவப்பதன் காரணமும் அந்நூலிலேயே உள்ளன. சூரிய ஒளி புவியின் வளிமண்டலத்தினூடாகச் செல்லும்போது முறிவடைந்து, புவியின் நிழலுக்குள் வளைந்து சென்று சந்திரனில் விழுகின்றது. அந்த ஒளியே சந்திரனைச் செந்நிறமாகக் காட்டுகின்றது.

4. பிராக் நகரும் செவ்வாய்க் கோளும்

கெப்லர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். கிராஸ் நகர ஆட்சியாளரோ கத்தோலிக்கர். மதம் மாற மறுத்த கெப்லர் 1600இல் குடும்பத்துடன் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருக்கு அடைக்கலமானது பிராக் நகரில் இருந்த தைக்கோவின் வானிலையம்.

தைக்கோவிடம் பல்லாண்டு கால அளவீடுகள் இருந்தன. அந்நாளில் அவற்றைப்போலத் திருத்தமான அளவீடுகள் வேறெவரிடமும் இருக்கவில்லை. கெப்லரிடம் கணித அறிவு இருந்தது. ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டாலும் இருவருக்கும் அடிக்கடி பிணக்கு ஏற்பட்டது. 1601 ஒக்டோபரில் தைக்கோ காலமானார். பேரரசர் இரண்டாம் ருடோல்பின் கணிதவியலாளர் பதவி கெப்லருக்குக் கிடைத்தது.

செவ்வாயின் பாதையைக் கண்டறிவது அவருக்குக் கிடைத்த வேலை. வட்டப்பாதை எனக் கொண்டு பல ஆண்டுகள் கணித்தார். ஒரு கட்டத்தில் கணிப்பும் தைக்கோவின் அளவீடும் ஏறத்தாழப் பொருந்திவிட்டன. ஆக 8 கலை வித்தியாசமே எஞ்சியது. 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. பூரணைச் சந்திரனின் அகலமே ஏறத்தாழ 30 கலைதான். ஆகவே அவருக்கு எஞ்சிய பிழை, சந்திரனின் அகலத்தில் நாலிலொரு பங்கு அளவானது.

வேறொருவராயின் அதனைத் தட்டிக்கழித்திருப்பார். தைக்கோ அவ்வளவு பெரிய பிழை விடமாட்டார் என்று கெப்லர் நம்பினார். எனவே தமது பல ஆண்டு உழைப்பையே ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினார். இறுதியில் நீள்வளையம் பொருந்தியது. 1609இல் புதிய வானியல் என்ற நூலில் முதல் இரு விதிகளும் வெளியாகின. கணக்கின் விடை சற்றுப் பிசகினால் பரவாயில்லை என்று விட்டுவிடும் பழக்கம் உங்களிடம் இருந்தால், இந்த 8 கலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. மூன்று விதிகள்

(அ) ஒவ்வொரு கோளும் சூரியனை ஒரு குவியத்தில் கொண்ட நீள்வளையப் பாதையில் சுற்றுகின்றது.

(ஆ) சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சமநேரங்களில் சமபரப்புகளைக் கடக்கின்றது. அதாவது கோள் சூரியனுக்கு அண்மையில் விரைவாகவும், சேய்மையில் மெதுவாகவும் செல்லும்.

(இ) கோளின் சுற்றுக்காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதசமமாகும். இது 1618இல் கண்டறியப்பட்டு 1619இல் வெளியானது.

வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு மட்டையில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, தொய்வான நூல் வளையம் ஒன்றை அவற்றைச் சுற்றிப் போட்டு, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வரையுங்கள். கிடைப்பது நீள்வளையம். ஊசி குத்திய இரண்டு இடங்களும் குவியங்கள்.

6. சந்திரனின் தூரம் மாறுவது எவ்வாறு?

சந்திரனும் புவியை ஒரு குவியத்தில் கொண்ட நீள்வளையத்திலேயே செல்கின்றது. தமது முறையைச் சந்திரனுக்கும் பொருத்தக் கெப்லர் பெரிதும் பாடுபட்டார். சூரியனின் கவர்ச்சியும் சந்திரனை இழுப்பதால் அதன் இயக்கம் சிக்கலானது. கெப்லருக்குப் பின் ஆங்கிலேயரான ஜெரமையா ஹொரொக்ஸ் என்ற இளைஞர் சந்திரனின் நீள்வளையப் பாதையைச் செம்மைப்படுத்தினார். கடல் வற்றுப்பெருக்குக்குச் சந்திரனின் கவர்ச்சியே காரணம் எனக் கெப்லர் 1609இல் எழுதினார். கலிலியோ அதனை ஏற்கவில்லை. ஆயினும் கெப்லர் கூறியதே சரியாயிற்று.

இன்று நாம் அறிந்த அளவுகள் வருமாறு:

சராசரித் தூரம்: ஏறத்தாழ 384,400 கி.மீ.
மிக அண்மையில்: ஏறத்தாழ 356,500 கி.மீ.
மிகச் சேய்மையில்: ஏறத்தாழ 406,700 கி.மீ.

அண்மைநிலையில் உள்ள சந்திரன், சேய்மைநிலையில் உள்ள சந்திரனைவிட விட்டத்தில் 14 சதவீதம் வரை பெரிதாகத் தோன்றும். ஓர் அண்மைநிலையிலிருந்து அடுத்த அண்மைநிலைக்கு ஏறத்தாழ 27.5 நாட்கள். ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு ஏறத்தாழ 29.5 நாட்கள். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தால் அண்மைநிலை ஒவ்வொரு மாதமும் முன்னே நகர்ந்து, ஓராண்டில் பூரணை, அமாவாசை, இடைப்பட்ட பிறைகள் எல்லாவற்றோடும் மாறிமாறிச் சேர்கின்றது. எனவேதான் ஆண்டு முழுவதும் பூரணைகள் ஒரே அளவாக இருப்பதில்லை. இரண்டாம் விதியின்படி சந்திரனின் வேகமும் மாறுவதால், அமாவாசையிலிருந்து பூரணைக்கு எடுக்கும் காலமும் எப்போதும் ஒன்றல்ல.

கவனிக்க: படம் வரையும்போது சந்திரனின் பாதையை முட்டைபோல் நீட்டி வரையவேண்டாம். உண்மையில் அது வட்டத்தை மிகவும் ஒத்தது. புவி நடுவில் இல்லாமல் சற்று விலகியிருப்பதே முக்கியம்.

7. பிறைகளும் கிரகணங்களும்

விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்றை இங்கு திருத்துவோம். பிறை தோன்றுவது புவியின் நிழலால் அன்று. சந்திரனின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியைப் பெறுகின்றது. அந்தப் பாதியில் எவ்வளவு பங்கு நம் பக்கம் திரும்பியுள்ளது என்பதே பிறையின் அளவு. புவியின் நிழல் சந்திரனில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே.

அப்படியாயின் ஒவ்வொரு பூரணையிலும் சந்திர கிரகணமும், ஒவ்வொரு அமாவாசையிலும் சூரிய கிரகணமும் ஏன் வருவதில்லை? சந்திரனின் பாதைத் தளம் புவியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. இதனால் பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சற்று மேலாகவோ கீழாகவோ சென்றுவிடுகின்றது. இரு தளங்களும் வெட்டும் இடங்களுக்கு அருகே பூரணையோ அமாவாசையோ நிகழ்ந்தால் மட்டுமே கிரகணம் உண்டாகும். அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும். ஓர் ஆண்டில் மங்கலான அயல்நிழற் கிரகணங்களையும் சேர்த்து ஆகக் குறைந்தது 4, ஆகக் கூடியது 7 கிரகணங்கள் நிகழலாம்.

இனிச் சந்திரனின் தூரத்தைக் கிரகணத்தோடு பொருத்திப் பாருங்கள். சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரன் அண்மையில் இருந்தால் சூரியனை முழுதாக மறைக்கும். அது பூரண கிரகணம். சேய்மையில் இருந்தால் ஓரத்தில் ஒளிவளையம் எஞ்சும். அது கங்கண கிரகணம்.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையில் பொலனறுவைப் பகுதியில் பூரண சூரிய கிரகணம் தெரிந்தது. சந்திரன் புவிக்கு அண்மையிலும், புவி சூரியனிலிருந்து சேய்மையிலும் இருந்த காலம் அது. அக்கிரகணத்தின் உச்ச இடத்தில் பூரண மறைப்பு 7 நிமிடம் 8 செக்கன் நீடித்தது. 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட பூரண கிரகணம் அதுவே. 2010 ஜனவரி 15ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தெரிந்ததோ கங்கண கிரகணம். சந்திரன் சேய்மையிலும், புவி சூரியனுக்கு அண்மையிலும் இருந்தமையால் வளையம் ஏறத்தாழ 10 நிமிடங்கள் நிலைத்தது. 2019 டிசெம்பர் 26ஆம் திகதியும் வடக்கில் கங்கண கிரகணம் தெரிந்தது. ஒரே நாட்டில் இருவகைக் கிரகணங்கள். இரண்டுக்கும் விளக்கம் கெப்லரின் நீள்வளையம்.

8. தாயாரின் வழக்கு

இப்போது கெப்லரின் வாழ்வில் வந்த பெருஞ் சோதனைக்கு வருவோம். 1611இல் மகன் ஒருவரையும் மனைவி பார்பராவையும் நோய்க்கு இழந்த கெப்லர், 1612இல் லின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1615இல் தாயார் கத்தரீனா மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கொடுத்த பானத்தைக் குடித்ததால் தமக்கு நோய் வந்தது என்று அயலவரான உர்சுலா ரைன்போல்ட் என்ற பெண் கூறினார். ஊரார் பலரும் பழைய நோய்களுக்கும் மாடு செத்ததற்கும் கத்தரீனாவையே காரணம் காட்டினர். சூனியக் குற்றத்துக்கு அக்காலத்தில் மரண தண்டனை.

இங்கே சந்திரனும் குறுக்கிட்டது. மாணவப் பருவக் கட்டுரையைக் கெப்லர் ஒரு கதையாக விரித்து எழுதியிருந்தார். அதன் பெயர் கனவு. அதில் வரும் இளைஞனின் தாய் மூலிகை விற்பவர். ஓர் ஆவியை வரவழைத்துச் சந்திரனைப் பற்றி அறிகின்றார். கிரகண வேளையில் புவியின் நிழலினூடாகச் சந்திரனுக்குப் பயணம் செய்வதாகக் கதை செல்கின்றது. அச்சிடப்படாத இக்கதையின் பிரதி கைமாறிச் சென்றது. அதுவும் தாயார் மீதான வதந்திக்குக் காரணமாயிற்று என்று கெப்லர் எண்ணி வருந்தினார்.

1620 ஓகஸ்டில் எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி கைது செய்யப்பட்டுச் சங்கிலியில் பிணைக்கப்பட்டார். கெப்லர் வேலையை விட்டுவிட்டு, லின்ஸிலிருந்து பயணம் செய்து தாமே தாயாருக்காக வாதாடினார். நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட எதிர்வாதம் எழுதப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் இயற்கையான காரணம் காட்டப்பட்டது. சாட்சிகளின் முரண்பாடுகள் எடுத்துக்காட்டப்பட்டன. செவ்வாயின் 8 கலையைத் தேடிய அதே கண்டிப்பு இங்கும் பயன்பட்டது.

1621 செப்டெம்பரில் சித்திரவதைக் கருவிகளைத் தாயாரின் முன் காட்டி ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். அவர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒக்டோபரில் விடுதலையானார். பதினான்கு மாதச் சிறையால் நலிந்த அவர் 1622 ஏப்ரலில் காலமானார். சிறுவயதில் தமக்கு வால்வெள்ளியைக் காட்டிய தாயைக் கெப்லர் தீயிலிருந்து காப்பாற்றினார். ஆயினும் அவரோடு அதிக நாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பின் கனவு நூலுக்கு அவர் இருநூறுக்கும் மேற்பட்ட விளக்கக் குறிப்புகள் எழுதினார். கதையில் உள்ளவை மாயமல்ல, வானியல் என்பதை வாசகர் அறியவேண்டும் என்பது நோக்கம்.

9. இறுதிக்காலம்

1627இல் தைக்கோவின் அளவீடுகளை ஆதாரமாகக் கொண்டு ருடோல்பு அட்டவணைகளை வெளியிட்டார். அவற்றின்படி 1631 நவம்பரில் புதன் கோள் சூரியனைக் கடக்கும் என்று அறிவித்தார். பிரான்சில் கசென்டி அதனைக் கண்டார். ஆனால் அதைக் கேட்கக் கெப்லர் உயிரோடு இல்லை. அரசு தரவேண்டிய சம்பளப் பாக்கி தொடர்பாக ரேகன்ஸ்பேர்க் நகருக்குச் சென்ற இடத்தில் காய்ச்சல் கண்டு 1630 நவம்பர் 15ஆம் திகதி, 58 வயதில் காலமானார். முப்பதாண்டுப் போரில் அவரது கல்லறையும் அழிந்தது. கனவு நூலை மகன் லுட்விக் 1634இல் வெளியிட்டார்.

சமயத்தால் துரத்தப்பட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்து, சம்பளத்துக்கு அலைந்த ஒருவர் விட்டுச்சென்ற மூன்று விதிகளே பின்னர் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கு வழியமைத்தன. மாணவர்களே, வசதியான சூழல் அமையட்டும், பிறகு படிப்போம் என்று காத்திருக்கவேண்டாம்.

நினைவிற் கொள்க

1571 - பிறப்பு
1596 - முதல் நூல்
1600 - கிராஸிலிருந்து வெளியேற்றம்
1604 - ஒளியியல் நூல்
1609 - முதல் இரு விதிகள்
1619 - மூன்றாம் விதி வெளியீடு
1620 - 1621 - தாயாரின் சிறைவாசம்
1627 - ருடோல்பு அட்டவணைகள்
1630 - இறப்பு
1634 - கனவு நூல் வெளியீடு

பயிற்சி வினாக்கள்

1. கெப்லரின் முதல் இரு விதிகளையும் எழுதுக. அவை வெளியான ஆண்டு யாது?
2. பிறை தோன்றுவதற்கும் சந்திர கிரகணம் தோன்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் படத்துடன் விளக்குக.
3. ஒவ்வொரு அமாவாசையிலும் சூரிய கிரகணம் நிகழாமைக்குக் காரணம் தருக.
4. 1955இல் இலங்கையில் பூரண கிரகணமும் 2010இல் கங்கண கிரகணமும் தெரிந்தமைக்கான காரணத்தைச் சந்திரனின் தூரத்தைக் கொண்டு விளக்குக.
5. சான்றுகளை மதிக்கும் பண்பு கெப்லரின் ஆய்விலும் தாயாரின் வழக்கிலும் எவ்வாறு வெளிப்பட்டது? சிறு கட்டுரை வரைக.